இருமல் உட்பட மனப்பாடம்

ஐரோப்பா எதற்காக அறிவியல் சிந்தனையை ஏற்றுக்கொண்டது என்ற கேள்வி தமிழ்க் கடைகள் நிறைந்த பிரெஞ்சுத் தெருவான லா சப்பலில் வெகுகாலம் யாரையும் தொந்தரவு செய்ததில்லை. ஏற்றுக்கொண்டார்களா, நல்லது, அதனால்தானே ரயில் ஓடுகிறது, குளிர்பெட்டியில் மீன் கெடாமல் இருக்கிறது, மேற்கொண்டு நமக்கென்ன என்று சனம் முருங்கைக்காய் வாங்கப் போய்க்கொண்டிருந்தது. 2017ஆம் ஆண்டு மாசி மாதத்தில்தான் அது உயிர்போகிற கேள்வியாக மாறியது. பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு நேர்முகத்துக்குப் போன ஒருவரிடம் பிரெஃபெக்தூர் என்கிற மாவட்ட அரசு அலுவலகத்தில் அதைக் கேட்டுவிட்டார்கள். எந்த ஊர்ப் பிரெஃபெக்தூர் என்று இங்கே எழுதப்போவதில்லை. கதை சொல்பவருக்கும் அங்கே ஒரு விண்ணப்பம் கிடக்கிறது.

போனவர் யோசித்துவிட்டு, "ஐரோப்பியர் நல்ல ஆக்கள்" என்றாராம். இரண்டு வருடம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். அன்று மாலைக்குள் செய்தி சேலைக்கடையிலிருந்து நகைக்கடைக்கும் நகைக்கடையிலிருந்து கொத்துரொட்டிக் கடைக்கும் போய்ச் சேர்ந்தது. கொத்துரொட்டிக் கடையை அடைந்தபோது, இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவர்களை விமானத்தில் ஏற்றிவிடப் போகிறார்கள் என்று ஆகியிருந்தது.

ஐங்கரன் அப்போது அந்தக் கடையில்தான் நின்றான். கையிலிருந்த ரொட்டி அப்படியே ஆறிப்போனது. அவனுக்கு வயது நாற்பத்தைந்து. லா கூர்னெவ்விலிருந்து தினமும் ரயிலேறி வந்து, இத்தாலியச் சாப்பாடு விற்கும் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் பதினேழு வருடமாகச் சமைக்கிறான். அவனுடைய பிரெஞ்சும் அந்தச் சமையலறையில் விளைந்ததுதான். மரக்கறி, நேரம், திட்டு ஆகிய மூன்று துறைகளில் சரளமாகப் பேசுவான். அறிவியல் சிந்தனை அந்த மூன்றுக்குள்ளும் வரவில்லை.

அவனுக்குக் குடியுரிமை ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரொறொன்ரோவில் அவனுடைய அக்கா தில்லைநாயகி இருக்கிறாள். அம்மா செத்த பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். அவன் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளி வைத்தவள். இருபத்தொரு வருடமாக ஐங்கரன் அவளைப் பார்க்கவில்லை. அகதிப் பயணப் பத்திரத்தோடு கனடா விசாவுக்குப் போட்டபோதெல்லாம், இவர் திரும்பிப் போவார் என்று நம்பமுடியவில்லை என்று எழுதி அனுப்பினார்கள். அக்காவின் மூத்த மகளின் கல்யாணத்தைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தான். தாலி கட்டும் நேரத்தில் படம் உறைந்துவிட்டது. மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. ஐங்கரனைப் பொறுத்தவரை அந்தக் கல்யாணம் இன்னும் முடியவில்லை.

இப்போது இளையவளுக்குச் சம்பந்தம் பேசி ஒப்பேற்றியாகிவிட்டது. அக்கா தொலைபேசியில் ஒரே போடாகப் போட்டாள்.

"தாய்மாமன் நீ ஒருத்தன்தான் மிச்சம். நீயும் சாம்பவியும் வந்து மணவறைக்குப் பக்கத்திலை நிண்டால்தான் இவளின்ரை கலியாணம். அதுவரைக்கும் நான் நாள் வைக்கமாட்டன், தம்பி. உனக்காக நான் என்ரை கலியாணத்தையே தள்ளினனான். இவளின்ரையைத் தள்ள எனக்குத் தெரியாதே?"

பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தால் கனடாவுக்கு விசா தேவையில்லை. ஆகவே ஒரு பெண்ணின் கல்யாணம், ஐரோப்பா எதற்காக அறிவியலை ஏற்றது என்பதில் வந்து தொங்கியது. அவனுடைய மனைவி சாம்பவியும் விண்ணப்பம் போட்டிருந்தாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் மாதம் மாறிக் கிடந்ததால் அவளுடைய விண்ணப்பக் கோப்பு மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்து மனிதனுக்கு ஒரு சோதினை வருகிறதென்றால் அவன் முதலில் தேடுவது புத்தகத்தை அல்ல, ரியூசனை. பனிப்பாலைவனத்தில் தனியே இறக்கிவிட்டாலும், இஞ்சை ஆர் நல்லாப் படிப்பிக்கிறது என்றுதான் விசாரிப்பான். லா சப்பலில் நல்லாப் படிப்பிக்கிறவர் குலசேகரம் மாஸ்ரர். சலூனுக்கு மேலே முதலாம் மாடியில், தலைச்சாய வாசத்துக்கு நடுவே, அவருடைய ஜெயம் கல்வி நிலையம் நடந்தது. சுவரில் பெரிய எழுத்தில், 'இங்கு வந்தவர் தோற்றதில்லை'. மாஸ்ரர் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கி வெகுகாலம். அவருடைய நேர்முகத்தில் அதிகாரி கேட்டது ஒன்றேயொன்றுதான்: கதவைச் சாத்துகிறீர்களா, குளிர்கிறது. அதற்குச் சரியாக நடந்துகொண்டதிலிருந்து நேர்முகக் கலையில் அவருக்கு ஒரு தனி மதிப்பு ஏற்பட்டிருந்தது.

"எழுதுங்கோ," என்றார் மாஸ்ரர். "தலைப்பு: ஐரோப்பா ஏன் விஞ்ஞானத்தை ஏற்றது. கீழ்க்கோடு போடுங்கோ. அடிமட்டம் வைச்சுப் போடுங்கோ."

அவர் சொல்லச் சொல்ல எல்லோரும் எழுதினார்கள். அச்சு இயந்திரம் வந்தது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. கப்பலில் போன வியாபாரிகள் பழைய நூலில் சொன்னபடி கடல் இல்லை என்று கண்டார்கள். மதத்தின் பெயரால் பல்லாண்டு அடிபட்டுக் களைத்து, யார் சொல்வது சரியென்று வாளால் தீர்க்க முடியாது என்று விளங்கிக்கொண்டார்கள். கண்ணாடி வில்லையைக் குழாயில் பொருத்தி நிலாவைப் பார்த்தபோது அங்கே மேடும் பள்ளமும் தெரிந்தன. ஆகவே, பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக எதையும் நம்பாதே, நீயே யோசித்துச் சோதித்துப் பார் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

"விளங்குதே? இதை நான் சொன்னபடியே ஒரு சொல்லும் மாறாமல் பாடமாக்கவேணும். சொந்தமா யோசிச்சு ஒண்டும் சேர்க்கப்படாது."

பின்வரிசையில் கோசலை கையை உயர்த்தினாள். பகலில் பலசரக்குக் கடையொன்றில் காசாளராக இருப்பவள். "மாஸ்ரர், ஒரு சந்தேகம். அச்சு எங்கடை பக்கமும் வந்ததுதானே. கப்பலும் எங்களிட்டை இருந்தது. சண்டையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பிறகு ஏன் எங்களுக்கு மட்டும்..."

மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, ஏன் எண்டு கேட்டபடியாலைதான் ஐரோப்பா முன்னேறினது எண்டு இப்பதானே சொல்லிக்கொண்டிருக்கிறன். அதுக்கிடையிலை ஏன் எண்டு கேட்டு வகுப்பைக் குழப்புறீர்."

கோசலை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஏன் என்று கேட்பதன் சிறப்பை எழுதிக்கொண்டாள்.

நினைவில் நிற்பதற்கு மாஸ்ரர் ஒரு குறுக்குவழியும் தந்தார். ஊரில் அவரிடம் படித்து டாக்குத்தர் ஆனவர்கள் எல்லோரும் இப்படித்தான் நரம்புகளின் பெயரைப் பாடமாக்கினார்களாம். அச்சு, வியாபாரத்துக்குக் கடை, சண்டை, கண்ணாடி. பிறகு பழைய நம்பிக்கை உடைந்தது. சேர்த்துச் சொன்னால், அச்சுக்கடையில் சண்டை, கண்ணாடி உடைந்தது. வகுப்பு முழுக்க அதை மூன்று முறை பாடியது. கீழே சலூனில் முடிவெட்டிக்கொண்டிருந்த ஒருவர் பயந்து வெளியே எட்டிப் பார்த்தார்.

முழுப் பதிலையும் மாஸ்ரர் பிரெஞ்சில் ஒரு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எல்லோரும் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டார்கள். அன்று அவருக்குத் தடிமன், தொண்டை கரகரத்தது. மூன்றாவது காரணம் முடிந்ததும் இரண்டு தரம் இருமிவிட்டு நாலாவதைத் தொடர்ந்தார். அதுவும் பதிவில் ஏறியது.

ஐங்கரன் ரயிலில் கேட்டான், குளிக்கும்போது கேட்டான், வெங்காயம் வெட்டும்போது முணுமுணுத்தான். இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிற மகள் மிருணாளினி ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பப்பா, நீ சொல்றது உனக்கு விளங்குதா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"விளங்கிறதுக்கெல்லாம் நேரமில்லை, பிள்ளை," என்றான் ஐங்கரன். "சோதினை கிட்ட வந்திட்டுது."

முதல் அணியாக ஏழு பேர் நேர்முகத்துக்குப் போனார்கள். ஏழு பேரும் அதே பதிலைச் சொன்னார்கள். நிறுத்திய இடத்தில் நிறுத்தினார்கள், மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கினார்கள், மூன்றாவது காரணம் முடிந்ததும் இரண்டு தரம் இருமினார்கள். மூன்றாவது ஆளின்போது அதிகாரி சன்னலைத் திறந்து வைத்தாராம். ஐந்தாவது ஆளுக்கு அவர் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினாராம், இருமுவதற்கு முன்பே.

ஏழாவது ஆள் இராஜதுரை. ஸ்தேனில் தொலைபேசிக் கடை வைத்திருக்கிற நல்ல மனிதர். கேள்வியைக் கேட்டதும் பதற்றத்தில் பதில் முழுதும் பறந்துபோய், குறுக்குவழி மட்டும் கையில் நின்றது. வேறு வழியில்லாமல் அதையே பிரெஞ்சில் பெயர்த்துச் சொன்னார்.

"மடாம், ஒரு அச்சுக்கடையில் சண்டை நடந்தது. கண்ணாடி உடைந்தது."

"எப்போது?" என்று கேட்டார் அதிகாரி.

"பல வருடத்துக்கு முன்."

"நீங்கள் அங்கே இருந்தீர்களா?"

"இல்லை மடாம், சத்தியமாக நான் அங்கே இல்லை. மாஸ்ரர்தான் சொன்னார்."

"மாஸ்ரர் அங்கே இருந்தாரா?"

இராஜதுரை மாஸ்ரரைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை. மௌனமாக இருந்தார். மௌனத்தையும் அதிகாரி எழுதிக்கொண்டார். ஏழு பேருக்கும் இரண்டு வருடம் கழித்து வரும்படி கடிதம் வந்தது. இராஜதுரையின் கடிதத்தில் மட்டும், கைகலப்பொன்று குறித்த தகவல்கள் தெளிவில்லை என்று மேலதிகமாக ஒரு வரி இருந்தது.

தோல்வியின் காரணத்தை விஞ்ஞானபூர்வமாக ஆராய ஜெயம் கல்வி நிலையம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. குழுவின் தலைவர் மாஸ்ரர். ராகு காலம் கழிந்து குழு கூடியது. வகுப்பு தொடங்கிய நேரம் சரியில்லை என்று ஒருவர் சொன்னார். கரும்பலகை தெற்குப் பார்த்திருக்கிறது என்று இன்னொருவர். இராஜதுரை கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனதை மூவர் சுட்டிக்காட்டினார்கள். இப்படி எல்லாக் கோணத்திலும் அலசி முடித்த பிறகு கோசலை எழும்பி, "எல்லாரும் ஒரே இடத்திலை இருமினபடியாலை இருக்குமோ?" என்றாள்.

சபையில் ஒரு சலசலப்பு. மாஸ்ரர் எழுந்து நின்றார்.

"முப்பது வருசமாப் படிப்பிக்கிறன். என்ரை முறை பிழையெண்டு இண்டைக்கு வரைக்கும் ஒரு மாணவன் சொன்னதில்லை. சொல்ல விட்டதில்லை. சோதினையிலை பாஸ் பண்ணினவன் எல்லாம் என்னாலை பாஸ் பண்ணினவன். பெயில் விட்டவன் தன்ரை பாட்டிலை பெயில் விட்டவன். இதிலை எங்கை பிழை? ஆராவது ஒருத்தர் ஆதாரத்தோடை காட்டுங்கோ பாப்பம். ஆனா, இருமலை மட்டும் ஆதாரமாக் காட்டப்படாது."

கைதட்டல் ஓய நேரமானது. ஐங்கரனும் தட்டினான். எதற்கென்று தெரியவில்லை, எல்லோரும் தட்டினார்கள். கூட்ட முடிவில் கரும்பலகையை வடக்குச் சுவருக்கு மாற்றினார்கள். சுவர் வாசகமும் திருத்தப்பட்டது: 'இங்கு வந்தவர் நிரந்தரமாகத் தோற்றதில்லை'.

ஆனாலும் மாஸ்ரர் லேசுப்பட்டவர் அல்ல. அடுத்த வகுப்புக்கு ஒரு புதுமையோடு வந்தார். அதிகாரிகள் சொந்தக் கருத்தை எதிர்பார்க்கிறார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஆகவே ஆளுக்கொரு சொந்தக் கருத்து எழுதிக் கொண்டுவந்து, பெயர் வாசித்துப் பங்கிட்டுக் கொடுத்தார். கோசலைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. வில்லியே லே பெல்லிலிருந்து வந்த ஒருவருக்குக் கோப்பிக்கடை. அவருக்குக் கோப்பி பிடிக்காது, மாற்றித் தரமுடியுமா என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர் தனக்குக் கிடைத்த மணிக்கூட்டுக் கருத்தைக் கொடுத்துக் கோப்பிக்கடையை வாங்கிக்கொண்டார்.

ஐங்கரனின் சொந்தக் கருத்து குளிர். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் வெளியே போக முடியாது, ஆகவே மக்கள் வீட்டுக்குள் இருந்து யோசித்தார்கள், யோசித்ததால் அறிவியல் வளர்ந்தது. அதை அவன் இரண்டு தரம் வாசித்தான். பதினேழு குளிர்காலம் அவனும் வீட்டுக்குள் இருந்திருக்கிறான். ஒரு முறைகூட எதுவும் தோன்றியதாக ஞாபகம் இல்லை.

"மாஸ்ரர், இது சரியோ எண்டு எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு," என்றான் தயங்கி.

"ஐங்கரன், அது உங்கடை சொந்தக் கருத்து," என்றார் மாஸ்ரர். "உங்கடை சொந்தக் கருத்தை நீங்களே சந்தேகப்பட்டால் பிறகு அதிகாரி எப்பிடி நம்புவான்?"

மாதிரி நேர்முகம் நடத்த லூசியன் ஐயாவை ஏற்பாடு செய்திருந்தார்கள். புதுச்சேரிக்காரர், பிறந்த நாள் முதலே பிரெஞ்சுக் குடிமகன், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். கழுத்துப்பட்டியோடு வந்து மேசைக்குப் பின்னால் அமர்ந்தாரென்றால் உண்மையான அதிகாரிக்குக்கூட எழுந்து நிற்கத் தோன்றும். ஐங்கரன் குளிரைச் சொல்லி முடித்ததும் அவர் பேனாவை மூடிவைத்தார்.

"ரெஃபுய்சே," என்றார். நிராகரிக்கப்பட்டது.

"என்ன பிழை ஐயா?"

"பிழைன்னு எதுவும் இல்லப்பா. நல்லாத்தான் சொன்ன. ஆனா என் சர்வீஸ்ல முதல் தடவ வந்த ஆளுக்கு நான் 'உய்'னு, ஆமான்னு, சொன்னதே கிடையாது. உடனே குடுத்துட்டா நாம எதுக்கு அந்த நாற்காலில உக்காந்திருக்கோம்னு கேக்க மாட்டானா? அத்மினிஸ்த்ராசியோன்னா, அரசாங்க நிர்வாகம்னா, என்னன்னு நெனச்ச? கதவுப்பா. கதவுன்னா மூடியிருக்கணும். தொறந்து கெடந்தா அதுக்குப் பேரு ஓட்டை."

அவர் தனக்கு வந்த தேநீரையும் ஒருமுறை மறுத்துவிட்டு, இரண்டாவது முறை வாங்கிக் குடித்தார்.

ஐப்பசியில் ஐங்கரனுக்கு நேர்முகம் வந்தது. உணவக முதலாளியின் கோட்டைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். சாம்பவி வாசல்வரை வந்து திருநீறு பூசிவிட்டாள். அதிகாரி பார்ப்பார் என்று ரயிலில் அதைத் துடைத்தான். பிறகு சாமி பார்த்திருப்பாரே என்று பயந்தான்.

அதிகாரியின் பெயர் மர்கரீத். முகத்தில் களைப்பு. மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீர் தயாராக இருந்தது. முகவரி, வேலை, வரி, ஆறுகளின் பெயர் எல்லாம் ஒழுங்காகப் போயின. பிறகு அவர் தன் முன்னாலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார்.

"ஐரோப்பியச் சமூகம் எதனால் நவீன அறிவியல் சிந்தனையை ஏற்றுக்கொண்டது, மிஸ்யூ?"

ஐங்கரன் வாயைத் திறந்தான். அறையில் வெப்பமூட்டி முழு வேகத்தில் எரிந்தது. கடன் கோட்டுக்குள் வியர்வை ஓடியது. குளிர் என்ற சொல்லே மனிதருக்கு ஞாபகம் வராத அளவுக்குச் சூடு. தன்னுடைய சொந்தக் கருத்தை அவன் எங்கெங்கோ தேடினான். அது வரவில்லை. அக்காவின் முகம் மட்டும் வந்தது. எல்லாம் முடிந்துபோனது என்று நினைத்தான்.

"தெரியாது, மடாம்," என்றான்.

மர்கரீத் தண்ணீர்க் கிளாஸை நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார். "மன்னிக்கவும்?"

"தெரியாது. படித்தேன். இப்போது மறந்துபோனது."

"இந்தப் பதிலை ஒருவரும் இதுவரை சொன்னதில்லை." அவர் கிளாஸை மெல்ல மேசையில் வைத்தார். "யாரிடம் படித்தீர்கள்?"

"எங்கள் மாஸ்ரரிடம்."

"அவர் சொன்னதை நம்புகிறீர்களா?"

ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். பழக்கம் அது. ஆனால் பதினேழு குளிர்காலமும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. "இல்லை, மடாம்," என்று வாயிலிருந்து வந்துவிட்டது. தன் குரலைக் கேட்டு அவனே திடுக்கிட்டான். இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, "சரியான பதில் என்ன, மடாம்?" என்றும் கேட்டான்.

மர்கரீத் தாளைத் திருப்பினார். "அச்சு, கடல் வணிகம், மதப் போர்கள், கண்ணாடி வில்லை."

"எங்கள் மாஸ்ரரும் முதலில் அதைத்தான் சொன்னார்."

"அப்படியென்றால் அவர் சொன்னது சரி."

"ஏன் சரி?"

"சுற்றறிக்கையில் இருக்கிறது." அதைச் சொன்ன பிறகு மர்கரீத் தான் சொன்னதைத் தானே கேட்டது போலிருந்தது. பேனாவை வைத்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார். "பாருங்கள் மிஸ்யூ, எனக்கும் இந்த வேலைக்கு ஒரு பரீட்சை இருந்தது. இதே வரிகளைத்தான் நானும் மனப்பாடம் செய்தேன். ஒருமுறை என் மேலதிகாரியிடம் ஏன் என்று கேட்டேன். சுதந்திரமான சிந்தனை நம் குடியரசின் அடித்தளம், அதைப் பற்றி விவாதிக்க அனுமதியில்லை என்றார். எங்கள் மாடியில் பதில்கள் மட்டும்தான். காரணங்களை மேல்மாடியில் வைத்திருக்கிறார்கள். அங்கே போக எங்களிடம் சாவி இல்லை."

பிறகு அவர், எதற்காகப் பிரெஞ்சுக் குடிமகனாக விரும்புகிறீர்கள் என்று கேட்டார். அதற்கும் மாஸ்ரர் ஒரு பதில் தந்திருந்தார். சுதந்திரம், சமத்துவம் என்று தொடங்கும். ஐங்கரன் அதையும் மறந்துவிட்டான். அக்காவைப் பற்றிச் சொன்னான். கல்யாணத்தைப் பற்றியும், உறைந்துபோன படத்தைப் பற்றியும் சொன்னான். மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்ற இடத்தில் அவனுக்கு அழுகை வந்தது. மர்கரீத் தண்ணீரை அவன் பக்கம் தள்ளி வைத்தார். இந்த முறை அது உதவியது.

அறிக்கையில் அவர், 'விண்ணப்பதாரர் விமர்சன மனப்பான்மை உடையவர்' என்று எழுதினார். ஐங்கரன் அதைத் தலைகீழாக வாசித்துவிட்டு, தான் யாரையோ விமர்சித்துவிட்டதாக நினைத்துப் பயந்துபோய் வீடு வந்தான்.

அடுத்த வருடம் வசந்தத்தில் அவனுக்குக் குடியுரிமை கிடைத்தது.

ஜெயம் கல்வி நிலையம் அவனுக்குப் பொன்னாடை போர்த்தியது. பொன்னாடை சேலைக்கடைக்காரரின் உபயம், சாயம் ஒட்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். மாஸ்ரர் ஒலிவாங்கியை அவன் வாயருகே வைத்தார். "சொல்லுங்கோ ஐங்கரன். குளிரை எப்பிடிச் சொன்னீங்கள்?"

பொய் சொல்லவேண்டும் என்று ஐங்கரனுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் மனிதனுக்குப் பொன்னாடை போர்த்தியதும் ஒரு நேர்மை வந்துவிடுகிறது. "நான் குளிரைச் சொல்லேல்லை, மாஸ்ரர். தெரியாது எண்டு சொன்னனான்."

மாஸ்ரர் ஒரு கணம் கண்ணை மூடினார். திறந்தபோது அவருடைய முகத்தில் ஒளி வீசியது.

"எழுதுங்கோ," என்றார்.

எல்லோரும் எழுதினார்கள். கேள்வி கேட்டதும் வலது பக்கம் மேலே பார்க்கவேண்டும். மூச்சை இழுத்து விடவேண்டும். 'தெரியாது, மடாம்' என்று சொல்லவேண்டும். தயக்கம் இயல்பாக வருவதற்கு லூசியன் ஐயா தனி வகுப்பு எடுத்தார். சந்தேகப்படும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கண்ணாடி முன்னால் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தார். இராஜதுரையின் முகத்தில் சந்தேகம் போதாது, வயிற்றுவலி போலிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். கோசலை எழும்பி, "எனக்குப் பதில் தெரியுமே மாஸ்ரர், தெரிஞ்சதை ஏன் தெரியாது எண்டு சொல்லவேணும்?" என்றாள். வகுப்பு முடிந்ததும் வந்து கேட்கச் சொன்னார் மாஸ்ரர். வகுப்பு முடிந்ததும் அவர் போய்விட்டார்.

அந்த மார்கழியில் சாம்பவிக்கு நேர்முகத் திகதி வந்தது.

சாம்பவி ஜெயம் பக்கம் போனவள் அல்ல. பாடசாலை உணவுக்கூடத்தில் வேலை முடிந்து வந்து, மிருணாளினியின் சரித்திரப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, விளங்காத இடத்தில் மகளைக் கேட்டுக் கேட்டு வாசித்திருந்தாள். தாயும் மகளும் சண்டை பிடித்தார்கள், சிரித்தார்கள், நிலாவின் மேடு பள்ளத்தைப் பார்க்கப் பலகணியில் போய் நின்றார்கள். ஐங்கரன் இதையெல்லாம் ஒரு அனுபவசாலியின் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவன்தான் ஊரில் விமர்சன மனப்பான்மை என்று எழுதி வாங்கிய ஆள். சந்தையில்கூட அவனிடம் ஆலோசனை கேட்டார்கள்.

"சாம்பவி, புத்தகத்தை மூடும்," என்றான். "அங்கை போய்த் தெரியாது எண்டு மட்டும் சொல்லும்."

"எனக்குத் தெரியும், இஞ்சாருங்கோ. விளங்கித்தான் வாசிச்சனான். விளங்கினதை என்ரை சொல்லிலை சொல்லுறனே."

"உதெல்லாம் அங்கை எடுபடாது. நான் போய் வந்தவன். எனக்குத் தெரியும். தெரியாது எண்டு சொல்லும்."

"ஏன்?"

"ஏன் எண்டு கேக்காதையும், சாம்பவி. நான் சொல்லுறன், சொல்லும். இளையவளின்ரை கலியாணம் உம்மடை வாயிலைதான் கிடக்கு."

கல்யாணம் என்றதும் அவள் அடங்கிப்போனாள். கைத்தொலைபேசியை எடுத்துப் பதிவை அழுத்தினாள். ஐங்கரன் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது பக்கம் மேலே பார்த்து, மூச்சை இழுத்துவிட்டு, "தெரியாது, மடாம்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான். அன்று அவனுக்குத் தடிமன். இரண்டு தரம் இருமினான்.

மர்கரீத்தின் அறைக்குள் சாம்பவி போனபோது, அவருக்கு முன்னால் பல மாதமாக லா சப்பலிலிருந்து வந்த ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. கேள்வியைக் கேட்டார். சாம்பவி வலது பக்கம் மேலே பார்த்தாள். அவள் மனத்தில் அச்சும் கப்பலும் நிலாவும் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றன. அவற்றைத் தள்ளிவிட்டு, தெரியாது என்றாள். இரண்டு தரம் இருமினாள். மர்கரீத் ஒன்றும் சொல்லாமல் தண்ணீரை நீட்டினார். 'போதிய அறிவு இல்லை, இரண்டு வருடம் கழித்து வரவும்' என்று கடிதம் வந்தது. சாம்பவி அதை வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள். ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் ஐங்கரனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் இனிப் பொறுக்கமாட்டோம் என்றார்கள். 2019 ஆவணியில் நாள் வைத்தாயிற்று. ஐங்கரன் தனியே விமானம் ஏறினான். தொலைபேசியில் அக்காவிடம், சாம்பவியின் காகிதம் தாமதம் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தான்.

ரொறொன்ரோ விமான நிலையத்தில் அக்கா நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகு அவளுடைய கை அவன் தலையில் பட்டபோது ஐங்கரன் சின்னப் பிள்ளையாக அழுதான். அக்கா அழவில்லை. அவனுடைய தோளுக்கு மேலால் எட்டி, அவனுக்குப் பின்னால் வெளியே வந்துகொண்டிருந்த ஒவ்வொருவரையும் பார்த்தாள். கடைசி ஆளும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது.

"அப்ப சாம்பவி உண்மையா வரேல்லையே?" என்றாள். "கடைசி நேரத்திலை ஏதும் செய்து கூட்டிக்கொண்டு வருவாய் எண்டு நினைச்சனடா. உனக்குத் தந்தவங்கள் அவளுக்கு மட்டும் ஏன் குடுக்கேல்லை? அவள் உன்னைவிடக் கெட்டிக்காரியெல்லோ. ஏனடா தம்பி?"

வாழ்க்கையில் முதன்முறையாக ஐங்கரனிடம் ஒரு கேள்விக்கான காரணம் முழுதாக, சந்தேகமே இல்லாமல், கையில் இருந்தது.

"தெரியாதக்கா," என்றான். பிறகு இரண்டு தரம் இருமினான்.